சிக்கனமும் சுதந்திரமும்: பெஞ்சமின் பிராங்க்ளின் சரித்திரம்

சிக்கனத்தையும் லோபித்தனத்தையும் ஒன்றாகக் கருதி, சிக்கனமாய் வாழ்வோரை ஏளனம் செய்யும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, தானும் உண்ணாது பிறர்க்கும் ஈயாதிருப்பவன் லோபி. ஒருவருக்கும் அடிமைப்படாமல் வாழ வேண்டும் என்பதற்காகச் செலவை வரவுக்குள் அடக்குகிறவனோ வேறு இனத்தைச் சேர்ந்தவன். இவ்விருவருக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவாக அறிய விரும்புவோர் அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்க்ளினுடைய சரித்திரத்தைப் படிக்க வேண்டும். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று நிரூபித்த விஞ்ஞானி என்றும், 1776-ஆம் ஆண்டில் வெளியான சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட தலைவர்களுள் ஒருவர் என்றும் உலகம் அவரைப் போற்றுகிறது. ஆயினும், ஓர் ஏழை அச்சுத் தொழிலாளியாயிருந்தவர் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழித்து, கடன்காரர் வாசலில் நிற்க வேண்டாத நிலையை எவ்வாறு அடைந்தார் என்பதே, மட்டான வருமானத்தைக் கொண்டு குடும்பம் நடத்துவோர்க்கு அதிகப் பயன் தரும் பகுதியாகும்.

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜோஸையா, மிருகக் கொழுப்பிலிருந்து மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றுப் பிழைத்தவர். இரு மனைவியர் வழியாக அவருக்குப் பிறந்த பதினேழு குழந்தைகளுள் பெஞ்சமின் பதினைந்தாமவர். இத்தனை பெரிய குடும்பத்தில் பிள்ளைகளுக்கு உயர்தரக் கல்வி அளிப்பது எங்ஙனம் கூடும்? இரண்டு ஆண்டுகளோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. பத்தாம் வயதில் தந்தையாரின் தொழிற்சாலையில் திரி நறுக்கவும் கடைக்குக் காவலிருக்கவும் புகுந்தார். பன்னிரண்டாம் வயதில், தமையனார் ஜேம்ஸ் நடத்திய அச்சுக்கூடத்தில் தொழில் பழக ஒப்பந்தம் செய்துகொண்டார்.

ஏழு வயதில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை அவர் தமது முதுமையிலும் மறந்தாரில்லை. ஒரு விடுமுறை நாளில் உறவினர் கொடுத்த செப்புக் காசுகள் அவருடைய சட்டைப் பையில் நிறைந்திருந்தன. வழியில் மற்றொரு பையன் ஊதல் ஒன்றை ஊதிக்கொண்டு வரக் கண்டு, அதன் ஓசையில் மயங்கி, கையிலிருந்த காசு முழுவதையும் கொடுத்து அதை வாங்கினார். வீடெங்கும் ஊதித் திரிந்தபோது, அது பெறும் விலையைப் போல் நான்கு மடங்கு கொடுத்துவிட்டாய் என்று உடன்பிறந்தார் நகைத்தனர். மீந்திருக்கக்கூடிய காசுக்கு வாங்கியிருக்கத்தக்க பண்டங்களை எண்ணி எண்ணிக் குழந்தை அழுதது. அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1779-ல் பிரான்ஸிலிருந்தபோது, தம் தோழியாகிய ஒரு சீமாட்டிக்கு இக்கதையை எழுதி அனுப்பினார். பதவிக்காக நிம்மதியையும், ஆடம்பரத்துக்காகப் பொருளையும் இழந்து கடனில் மூழ்குவோரைக் காணும் தோறும், அவர்கள் தங்கள் ஊதலுக்கு அதிக விலை கொடுத்துவிட்டார்கள் என்று தமக்குத் தோன்றும் என்பது அக்கடிதத்தின் கருத்து. ஒரு பொருளை வாங்கும்முன் அதன் விலையை மட்டுமின்றி, அதே பணத்தால் வேறு என்ன பெறலாம் என்பதையும் எண்ணிப் பார்க்கும் வழக்கம் இவ்வாறு அவருக்கு ஏழு வயதிலேயே பிடிபட்டது.

பதினாறு வயதில் அவர் ஒரு நூதன ஏற்பாட்டைச் செய்தார். மாமிச உணவை விலக்கும்படி போதிக்கும் புத்தகம் ஒன்றைப் படித்து, அம்முறையை அனுசரிக்கத் தீர்மானித்தார். தமது சாப்பாட்டுக்காகத் தமையனார் வாரந்தோறும் செலவிடும் தொகையில் பாதியைத் தம் கையில் கொடுத்தால் தாமே உணவைப் பார்த்துக்கொள்வதாகக் கூறினார். தமையனாருக்கு அது லாபமாகப்பட்டபடியால் உடனே இசைந்தார். அந்தப் பாதியிலும் பாதியைப் பிராங்க்ளின் மிச்சப்படுத்தி, புத்தகங்கள் வாங்கினார். மற்றவர்கள் உண்ணப் போகும் வேளையில், ஒரு ரொட்டித் துண்டும் ஒரு பிடி உலர்ந்த திராட்சையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டு பசியாறி, எஞ்சிய நேரம் முழுவதையும் படிப்பில் செலவிட்டார். பள்ளியில் கற்கத் தவறிய கணக்கை இக்காலத்திலேயே தாமாகக் கற்றுத் தேர்ந்தார். இங்கு மிச்சமானது காசு மட்டுமன்று, நேரமும் மிச்சமாயிற்று.

கடன் கற்பித்த பாடம்

தமையனாரோடு பிணங்கி, 1723-ல் அவர் வீட்டைவிட்டு ஓடினார். நியூயார்க்கில் வேலை கிடையாமல், பிலடெல்பியா நகரை அடைந்தபோது அவரிடம் இருந்தவை ஒரு டச்சு டாலரும் சுமார் ஒரு ஷில்லிங் மதிப்புள்ள செப்புக் காசுமே. தாமும் துடுப்புப் போட்டிருந்தும், அந்தச் செப்புக் காசைப் படகோட்டிகளுக்கு வற்புறுத்திக் கொடுத்தார். மூன்று பென்ஸுக்கு மூன்று பெரிய ரொட்டிகளை வாங்கி, ஒன்றைத் தின்று, மற்ற இரண்டையும் தம்முடன் படகில் வந்த ஒரு ஸ்திரீக்கும் அவள் குழந்தைக்கும் ஈந்தார். கையில் ஒன்றுமில்லாத சமயத்தில் மனிதன் அதிகத் தாராளமாக இருப்பதற்குக் காரணம், தன்னிடம் ஒன்றுமில்லை என்று பிறர் நினைத்துவிடலாகாது என்ற அச்சமாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே தம்மைப் பரிசோதித்து எழுதினார்.

இத்தகையவரும் இளமையில் பண விஷயத்தில் பெரும்பிழை செய்யாமலில்லை. வெர்னன் என்பவர், தமக்கு வரவேண்டிய சுமார் முப்பத்தைந்து பவுனை வசூலித்து வைத்திருக்கும்படி பிராங்க்ளினிடம் பொறுப்பு ஒப்புவித்தார். அவரோ அப்பணத்தை, குடிப்பழக்கத்துக்கு ஆளான பால்ய நண்பர் காலின்ஸுக்குச் சிறுகச் சிறுகக் கடனாகக் கொடுத்துக் கரைத்துவிட்டார். பார்படோஸ் தீவுக்குப் போய் முதல் சம்பாத்தியத்திலேயே அனுப்பிவிடுவதாகச் சொல்லிச் சென்ற காலின்ஸிடமிருந்து பின்னர் ஒரு தகவலும் வரவில்லை. பிறர் பணத்தைக் கையாடியவன் என்ற பெயர் தமக்கு எந்நாள் வருமோ என்ற திகில் அவரைப் பல ஆண்டுகள் வாட்டியது. இது போதாதென்று, பென்ஸில்வேனியா கவர்னர் கீத், அச்சுக்கூடம் வைப்பதற்கு வேண்டிய கடன் கடிதங்கள் தருவதாக வாக்களிக்க, அதை நம்பி 1724-ல் லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே இறங்கிய பின்னரே கடிதம் ஒன்றும் வரவில்லை என்பது தெரிந்தது. உடன் வந்த நண்பர் ரால்ப் என்பவரும் அவரிடம் சுமார் இருபத்தேழு பவுன் கடன் வாங்கி, அதைத் திருப்பிக் கொடுத்தாரில்லை.

லண்டனில் வாட்ஸ் என்பவருடைய பெரிய அச்சுக்கூடத்தில் அவர் வேலைக்கு அமர்ந்தார். அங்கிருந்த ஏறக்குறைய ஐம்பது தொழிலாளரும் பீர் அருந்துவோர். உடன் வேலை செய்த ஒருவர் காலை உணவுக்கு முன் தொடங்கி, வேலை முடியும்வரை நாளொன்றுக்கு ஆறு பைண்ட் பீர் குடித்தார். உடல் வலிமைக்கு அது அவசியம் என்பது அவர் நம்பிக்கை. தண்ணீரை மட்டும் குடித்துவந்த பிராங்க்ளின், கனமான இரண்டு அச்செழுத்துப் பலகைகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கினார். மற்றவர்கள் ஒன்றையே இரு கைகளாலும் தூக்கினர். பீரில் கரைந்துள்ள வாற்கோதுமை மாவைவிட ஒரு பென்னி ரொட்டியில் அதிக மாவு உண்டென்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். சிலர் அவர் சொற்படி, ஒரு பைண்ட் பீரின் விலைக்குக் கிடைக்கும் சூடான கஞ்சியைக் காலை உணவாகக் கொண்டனர். கேளாதவர்கள் சனிக்கிழமை தோறும் தங்கள் கூலியில் நான்கைந்து ஷில்லிங்கைக் குடிக்காகவே கட்டி, என்றும் கீழ்நிலையிலேயே இருந்தார்கள்.

1726-ல் அமெரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில் அவர் தமது வாழ்க்கைக்கென ஒரு திட்டம் வகுத்தார். பட்ட கடனைத் தீர்க்கும்வரை மிகுந்த சிக்கனமாக இருப்பது என்பது அதில் முதல் விதி. 1728-ல் மெரடித் என்ற கூட்டாளியோடு சேர்ந்து சொந்த அச்சுக்கூடம் வைத்தார். மெரடித்தின் தந்தையார் முழுத் தொகையும் கட்ட இயலாமற்போகவே, நூறு பவுன் பாக்கிக்காக வியாபாரி வழக்குத் தொடுத்தான். யந்திரமும் எழுத்தும் ஏலத்துக்குப் போகவிருந்த அச்சமயத்தில், இரண்டு நண்பர்கள் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியே வந்து, கேளாமலே பண உதவி செய்ய முன்வந்தனர். அவர்கள் கண்டு நம்பியது அவருடைய செல்வத்தையன்று, உழைப்பையும் ஒழுக்கத்தையுமேயாகும். நட்பு கெடலாகாது என்று இருவரிடமும் பாதிப் பாதியாகப் பெற்றார். வெர்னனுடைய பணத்தையும், கூடியபோது, வட்டியோடும் வந்தனத்தோடும் செலுத்தினார்.

கடன் தீரும்வரை அவர் எளிய உடையே உடுத்தினார். வீண் பொழுதுபோக்குமிடங்களில் அவரைக் கண்டார் இல்லை. கடைகளில் வாங்கிய காகிதத்தைத் தாமே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவழியே தள்ளிக்கொண்டு போனார். உழைப்பாளியாக இருந்தால் மட்டும் போதாது, பிறர் கண்ணுக்கும் அப்படியே தோன்ற வேண்டும் என்று அவர் கருதினார் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கடன் கொடுத்தவனுக்கும் கொடுக்கப் போகிறவனுக்கும் அத்தோற்றம் நம்பிக்கையளித்தது.

இல்லத்தரசியின் பங்கு

1730-ல் டெபோரா ரீட் என்னும் பெண்மணியோடு அவர் இல்லறம் தொடங்கினார். அச்சான தாள்களை மடித்துத் தைப்பதும், கடையைக் கவனிப்பதும், காகிதம் செய்வோருக்காகப் பழங்கந்தை வாங்கிச் சேர்ப்பதும் அவ்வம்மையார் செய்த வேலைகள். வீட்டில் வீண் வேலைக்காரர் வைக்கவில்லை. மரச்சாமான்கள் மிக மலிவானவை. காலையில் பிராங்க்ளின் இரண்டு பென்ஸ் விலையுள்ள மண் கிண்ணத்தில், ஈயக் கரண்டி கொண்டு, ரொட்டியும் பாலும் உண்பார். ஒருநாள் அவ்விடத்தில் சீனப் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் இருக்கக் கண்டு திகைத்தார். அவற்றுக்காக அம்மையார் இருபத்துமூன்று ஷில்லிங் செலவழித்திருந்தார். அண்டை வீட்டாரின் கணவர்களுக்கு இருக்கும்போது தம் கணவருக்கு இருக்கலாகாதா என்பதைத் தவிர வேறு சமாதானம் அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு கிண்ணத்தின் பின்னே, ஆண்டுகள் செல்லச் செல்ல, சில நூறு பவுன் மதிப்புள்ள வெள்ளியும் பீங்கானும் அவ்வீட்டில் புகுந்தன. எவ்வளவு கட்டுள்ள குடும்பத்திலும் ஆடம்பரம் அன்பின் வழியாகவே நுழையும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைத்தல் அரிது.

ஆயினும் பிராங்க்ளின் குற்றத்தை மனைவியார் மேல் சுமத்தவில்லை. சிக்கனம் என்னும் குணம் தமக்கு முழுவதும் கைவராத ஒன்று என்றும், அதைத் தம் மனைவியிடம் காணும் பாக்கியம் பெற்றபடியால் அவளே தமக்குச் செல்வமானாள் என்றும் 1782-ல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அவர் சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பிய கூட்டாளி ஒருவரின் சரித்திரமும் இதை வலியுறுத்துகிறது. அம்மனிதர் கற்றவரும் யோக்கியருமேயாயினும் கணக்கு அறியாதவர். அவர் உயிரோடிருந்தவரை தெளிவான கணக்கு ஒன்றும் வரவில்லை. அவர் இறந்தபின், ஹாலந்தில் கணக்குக் கற்றிருந்த அவருடைய மனைவி எலிஸபெத் டிமத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாது திட்டமான கணக்கு அனுப்பி, குழந்தைகளை வளர்த்து, இறுதியில் அச்சுக்கூடத்தையே தம் மகனுக்காக விலைக்கு வாங்கினார். பெண்களுக்குச் சங்கீதத்தையும் நடனத்தையும்விடக் கணக்கு அதிக உதவி செய்யும் என்பது இதிலிருந்து பிராங்க்ளின் கண்ட முடிவு.

தாம் கைக்கொள்ள விரும்பிய பதின்மூன்று நற்குணங்களை எழுதி, நாள்தோறும் தவறியவற்றுக்குக் கறுப்புப் புள்ளி இடும் சிறு புத்தகம் ஒன்றை அவர் வைத்திருந்தார். அவ்வரிசையில் சிக்கனம் ஐந்தாவது, உழைப்பு ஆறாவது. வாய்மையும் நீதியும் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. இம்முறை வைப்புக்கு அவர் காரணம் கூறினார். சிக்கனமும் உழைப்பும் மனிதனைக் கடனிலிருந்து விடுவித்தால், அதன்பின் உண்மை பேசுவதும் நியாயமாய் நடப்பதும் எளிதாகும் என்பதே அது. கடன்பட்டவன் தவணை கேட்கும்போது முதற் பொய்யைச் சொல்கிறான். பிறகு கடன் கொடுத்தவனுடைய அநியாயத்தைக் கண்டும் வாய் திறவாதிருக்கிறான். பிராங்க்ளினுடைய சிக்கனத்தின் சாரம் முழுவதும் இவ்வொரு கருத்தில் அடங்கியிருக்கிறது.

1733-ஆம் ஆண்டுக்கு உரியதாக அவர் வெளியிடத் தொடங்கிய ஏழை ரிச்சர்டின் பஞ்சாங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் நடந்தது. ஆண்டுதோறும் பதினாயிரம் பிரதிகள் வரை விற்றது. வேறு புத்தகம் வாங்க வகையற்ற குடியானவர்களுக்காக, அதன் இடைவெளிகளில் உழைப்பையும் சிக்கனத்தையும் பற்றிய பழமொழிகளை நிரப்பினார். அவற்றுள் பல, உலகத்தாரிடையே முன்பே வழங்கியவை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. 1758-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் முகவுரையில், ஏலக் கடை வாசலில் கூடிய ஜனங்களுக்கு ஒரு கிழவர் அப்பழமொழிகளைக் கோத்து உபதேசிப்பதாக ஒரு கதை எழுதினார். ஜனங்கள் தலையசைத்துக் கேட்டனர். ஏலம் தொடங்கியவுடன் கேட்டதற்கு நேர்மாறாக வாங்கிக் குவித்தனர். புதுச் சட்டைக்குத் துணி எடுக்க வந்த ஏழை ரிச்சர்டு மட்டும் பழஞ்சட்டையே போதும் என்று திரும்பிப் போனார். உபதேசத்தின் வலிமை எவ்வளவு என்பதை உபதேசித்தவரே இவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்.

பொருளை அவர் தேடியதன் நோக்கம் 1748-ல் வெளிப்பட்டது. நாற்பத்திரண்டு வயதில், தொழில் செழித்திருந்த சமயத்திலேயே, அதை டேவிட் ஹால் என்ற கூட்டாளியிடம் பதினெட்டு ஆண்டுக்கு ஒப்புவித்து, லாபத்தில் ஒரு பகுதியை மட்டும் பெற்றுக்கொண்டு விலகினார். மின்சார ஆராய்ச்சிக்கும் பொதுக் காரியங்களுக்கும் வேண்டிய ஓய்வை இவ்வாறு தாமே சம்பாதித்துக்கொண்டார். விறகு குறைவாகச் செலவாகும்படி அவர் இயற்றிய அடுப்புக்குத் தனி விற்பனை உரிமை தருவதாகக் கவர்னர் கூறியபோது, அதை மறுத்து, அமைப்பு முழுவதையும் அச்சிட்டு வெளியிட்டார். தனி மனிதனால் வாங்க இயலாத புத்தகங்களைப் பலர் கூடி வாங்கலாம் என்று, தலைக்கு நாற்பது ஷில்லிங் முதலும் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் சந்தாவும் வசூலித்து, 1731-ல் சந்தாப் புத்தகசாலை ஒன்றை நிறுவியிருந்தார்.

நாட்டின் சிக்கனம்

ஒரு மனிதனுக்குச் சொன்ன பாடம் ஒரு நாட்டுக்கும் பொருந்தும் காலம் வந்தது. 1765-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது முத்திரை வரியை விதித்தது. குடியேற்ற மக்கள் பிரிட்டிஷ் சரக்குகளை வாங்குவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டனர். ஆங்கில வியாபாரிகளே நஷ்டம் தாளாது வரியை நீக்குமாறு மன்றாடினர். 1766 பிப்ரவரியில் காமன்ஸ் சபை பிராங்க்ளினை அழைத்து விசாரித்தது. பிரிட்டனின் நாகரிகப் பண்டங்களை அணிவதில் முன்பு பெருமை கொண்டவர்கள், இப்போது புதிய துணியைத் தாங்களே நெய்யும்வரை பழந்துணியைத் திரும்பத் திரும்ப உடுப்பதில் பெருமை கொள்கின்றனர் என்பது அவர் கொடுத்த பதிலின் சாரம். அடுத்த மாதம் வரி ரத்தாயிற்று. அதன்பிறகே மனைவியாருக்குப் புதிய உடை ஒன்று வாங்கி அனுப்பினார். ஒரு காலத்தில் தாம் தலை முதல் கால் வரை அவ்வம்மையார் ஆக்கிய கம்பளியும் சணலாடையும் உடுத்தியிருந்ததாகவும், அதைப்போல் வேறெந்த உடையிலும் பெருமையடைந்ததில்லை என்றும் அக்கடிதத்தில் நினைவுகூர்ந்தார்.

1776-ல் பிரான்ஸின் உதவி தேடிப் புறப்படுமுன், திரட்டக்கூடிய ரொக்கம் முழுவதையும், மூவாயிரம் பவுனுக்கு மேற்பட்ட தொகையை, காங்கிரஸுக்குக் கடனாகக் கொடுத்தார். யுத்தம் தோற்றால் அது திரும்பாது. அவர் தலையும் தப்பாது. எழுபது வயதில் அவ்வாறு கொடுக்க அவரிடம் பணம் இருந்ததற்குக் காரணம், நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் அவர் உண்ட மண் கிண்ணமேயன்றோ?

சரித்திரம் எழுதுவோர் பற்றுப் பக்கத்தையும் காட்ட வேண்டும். பாரீஸை அடுத்த பாஸியில் அவர் வாழ்ந்தபோது அவருடைய நிலவறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மதுப் புட்டிகள் இருந்தன. 1764-ல் இங்கிலாந்து சென்றவர் பத்தாண்டு திரும்பாமையால், 1774-ல் டெபோரா கணவர் முகம் காணாமலே இறந்தார். இவற்றினும் பெரிய குறை வேறொன்றுண்டு. அவர் வீட்டில் பல்லாண்டுகள் அடிமைகள் வேலை செய்தனர். அவருடைய பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களுக்குப் பணம் பெற்றது. தம் சுதந்திரத்துக்காகக் காசை எண்ணியவர், பிறருடைய சுதந்திரத்தின் விலையை நெடுங்காலம் எண்ணவில்லை. முதுமையில் மனம் மாறி, 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்று, இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் அவ்வழக்கத்தை ஒழிக்கக் கோரும் மகஜரில் கையொப்பமிட்டுக் காங்கிரஸுக்கு அனுப்பினார்.

1790 ஏப்ரல் 17-ந் தேதி அவர் காலமானார். பென்ஸில்வேனியாவின் தலைவராயிருந்து பெற்ற சம்பளத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள விரும்பாமல், அதிலிருந்து பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலைக்கு ஆயிரம் பவுனை உயில் வழியாக விட்டுச் சென்றார். தொழில் கற்று முடித்த, மணமான, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட கைத்தொழிலாளருக்கு, இரண்டு ஜாமீன்களின் பேரில், நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு அது கடனாகக் கொடுக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் அசலில் பத்தில் ஒரு பங்கைத் திருப்ப வேண்டும். இளமையில் இரு நண்பர் தமக்குச் செய்த உதவியை முன்பின் அறியாதவர்க்குச் செய்யவே அவர் கருதினார். ஐந்து வட்டியில் முதல் ஏறக்குறைய பதினான்கு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும். அக்கணக்கின்படி நூறாண்டில் ஒவ்வொரு நகரிலும் ஆயிரம் பவுன் 1,31,000 பவுனாகும் என்று மதிப்பிட்டார். பலர் கடனைத் திருப்பாமையாலும், தொழில் முறைகள் மாறியமையாலும் கணக்கு முழுவதும் பலிக்கவில்லை. பிலடெல்பியாவில் மிகவும் குறைந்தது. ஆயினும் முதல் நூறாண்டின் பயனாகப் பாஸ்டனில் 1908-ல் ஒரு தொழிற்கல்விக் கூடம் திறக்கப்பட்டது. இருநூறாண்டு முடிந்த 1990-ல் பாஸ்டன் நிதியில் 45 இலட்சம் டாலருக்கு மேலும், பிலடெல்பியா நிதியில் சுமார் 20 இலட்சம் டாலரும் இருந்தன.

வரவும் செலவும் எழுதிய ஒரு கணக்குப் புத்தகம், தேவையையும் ஆசையையும் பிரித்தறியும் புத்தி, கடன் தீரும்வரை பழஞ்சட்டை அணியும் துணிவு, மிஞ்சியதைப் பிறர்க்குப் பயன்படுத்தும் மனம் ஆகிய இந்நான்குமே பிராங்க்ளின் சரித்திரத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை. இவற்றுள் எதற்கும் பெருஞ்சம்பளம் வேண்டுவதில்லை. பொதுவாழ்வில் இறங்கி அதிகாரத்தை எதிர்த்து நிற்க விரும்புவோர் முதலில் தங்கள் வீட்டுக் கணக்கை நேர் செய்துகொள்ளல் நலம். எவரிடமும் கடன்படாதவன் சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டென்பதை அந்த அச்சுத் தொழிலாளி காமன்ஸ் சபையில் நின்று உலகத்துக்குக் காட்டினார்.